பழுப்புக் கோட்டின் மௌனம்

எகெரோ சந்தையில் மகோரியின் தலை தெரிந்தால் போதும், பத்துக் கடைகளில் தராசுத் தட்டு அவசர அவசரமாகத் துடைக்கப்படும். அவர் எடையளவு ஆய்வாளர். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. கறிக்கடையில் ஓசியாக ஓர் எலும்புகூட வாங்கியதில்லை என்று அவரைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள். பிடிக்காததற்குக் காரணமும் அதுதான்.

ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதை ஒழுங்காகக் கடந்தால் பென்ஷன். கடக்காவிட்டால் பென்ஷன் கிடையாது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது வாழைமரம்தான். அந்தப் பதினான்கு மாதத்துக்கு ஆபத்து வந்தது ஒரு நல்ல காரியத்தால். கெட்ட காரியம் செய்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஊர் மருத்துவமனையில் பிரசவ அறை ஒன்று கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பி இரண்டு வருடம் ஆகிவிட்டது, கூரை இல்லை. உள்ளே புல் முளைத்திருந்தது. அந்த அறையில் இதுவரை பிரசவித்தது ஓர் ஆடு மட்டும்தான். ஊர்ப் பெண்கள் வலி எடுத்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் மேட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகவேண்டும். மகோரியின் மனைவி மொங்கினா முதல் பிள்ளையை அந்தச் சாலை ஓரத்தில்தான் பெற்றாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை, மொரா அதற்கு அடுத்த பிள்ளை. அதனால் கூரைக் கமிட்டிக்கு அவள் தலைவியானபோது யாரும் எதிர்த்து நிற்கவில்லை.

போன வருடம் கூரைக்காக ஹராம்பே நடத்தினார்கள். ஊர் கூடிக் காசு போடும் கூட்டம் அது. அதற்கு அழைப்பு அட்டை அடித்து, ஒரு கட்டு அட்டையை மொங்கினா கணவரின் பையில் வைத்தாள், வழியில் பாதிரியாரிடம் கொடுக்கச் சொல்லி. மகோரி மறந்துபோய் அதை அலுவலக மேசையில் வைத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து வருடாந்தர முத்திரை நாள். வரிசையில் முதலில் வந்த உருளைக்கிழங்கு வியாபாரி மேசையைப் பார்த்தான். ஒரு பக்கம் முத்திரைச் சுத்தியல், பக்கத்திலேயே அட்டைக் கட்டு. புத்திசாலி, ஒன்றும் கேட்கவில்லை. ஓர் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தராசை நீட்டினான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் எடுத்தான். மத்தியானத்துக்குள் எண்பது அட்டையும் தீர்ந்துவிட்டன. தலையைத் தூக்காமல் முத்திரை குத்திக்கொண்டிருந்த மகோரிக்கு ஒன்றும் தெரியாது.

ஹராம்பேயில் சந்தையே வந்து கொட்டியது. அடுத்த மாதம் மாவட்டத்திலிருந்து மகோரிக்குக் கடிதமும் வந்தது. அரசு ஊழியர் தம் அலுவலகத்தில் நன்கொடை திரட்டக் கூடாது, பதவியைக் காட்டி யாரையும் நெருக்கக் கூடாது, மறுபடி நடந்தால் வேலை நீக்கம். வந்த காசு முழுவதையும் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவு. கூரை மறுபடியும் வானமாகிவிட்டது.

இந்த வருட ஹராம்பேக்கு முதல் நாள் மொங்கினா சொன்னாள், "மொரா அப்பா, நீங்க வர வேணாம்னு சொல்ல மாட்டேன். ஊரே வரும்போது நீங்க வராம இருந்தா அதுவும் ஒரு பேச்சாகும். வந்து பின்னாடி உக்காருங்க. வாயைத் திறக்காதீங்க. நுணலும் தன் வாயால கெடும்."

"போன வருஷமும் நான் வாயைத் திறக்கலையே."

"பையைத் திறந்தீங்க. இந்தத் தடவை அதுவும் வேணாம்."

மகோரி விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அரசு ஊழியர் ஹராம்பேக்குப் போகலாம், சொந்தக் காசைப் போடலாம். கேட்கக் கூடாது, ஊக்கப்படுத்தக் கூடாது, பதவி அங்கே வெளியே வரக் கூடாது. சரி, சுலபம்தானே என்று நினைத்தார் பாவம். அலுவலகச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முழங்கையில் தேய்ந்த பழைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவமனை முற்றத்தில் பந்தல். மைக் பிடித்தவன் ஒசோரோ, முடிவெட்டுகிறவன். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவன்தான் ஏலம் போடுவான். சும்மாவே அரை மணி நேரம் பேசுகிறவனுக்கு மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும். மகோரி அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஒசோரோ, என் பேரு வரக் கூடாது. என் வேலை வரவே கூடாது."

"அண்ணே, எங்கம்மா மேல சத்தியம். இந்தக் கூட்டத்துல நீங்க ஒரு ஆளே இல்ல."

அந்த வார்த்தையில் மகோரிக்கு மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது. கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். முன் வரிசையில் ஒரு பெண், வெளியூர்க்காரி, மடியில் நோட்டுப் புத்தகம். பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார்.

"அதுவா? மாவட்டத்துல இருந்து வந்திருக்காங்க. நேர்மைப் பிரிவு அதிகாரி. பொசிபோரின்னு பேரு. போன வருஷ கலாட்டாவுக்கு அப்புறம் நேர்ல பாக்கணும்னு வந்தாங்களாம்."

மகோரி கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஏலம் சூடு பிடித்தது. ஒரு வாழைத்தார், ஒரு கேக், ஒரு சேவல். சேவலை ஏலம் எடுத்தவன் திருப்பி மேடைக்கே கொடுத்தான், அது மறுபடி ஏலம் போனது, அடுத்தவனும் திருப்பிக் கொடுத்தான். மூன்றாவது தடவை விற்கப்பட்டபோது சேவலுக்கே சலிப்பு வந்து கண்ணை மூடிக்கொண்டது. பொருள் தீர்ந்ததும் ஆட்களை ஏலம் விடுவது வழக்கம். பள்ளிக்கூடப் பிரின்ஸ்பாலை ஆடவைக்க ஒருவன் நூறு ஷில்லிங் போட்டான். பிரின்ஸ்பால் ஆட மாட்டேன் என்று இருநூறு போட்டார்.

ஒசோரோ மைக்கில் கணக்குச் சொன்னான். "விதி தெரியுமில்ல? ஆள் மறுக்கணும்னா ரெண்டு மடங்கு. யாரு காசு அதிகமோ அவங்க சொல்றது நடக்கும். நடக்கலைன்னா காசு வாபஸ். ஒசோரோ கடையில முடியும் கடன் இல்ல, வார்த்தையும் கடன் இல்ல."

அப்போதுதான் கறிக்கடை ஒகெம்போ எழுந்தான். தராசு சுத்தமானவன் என்று பெயர் எடுத்தவன், அந்தப் பெருமையைத் தட்டில் வைத்து விற்கிறவன். வாய்க்கு வேலை இல்லாத நேரத்தில் யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கடைசி வரிசையில பழுப்புக் கோட்டு போட்டு ஒருத்தர் ஒளிஞ்சிருக்காரு. அவரு இங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். இருநூறு."

பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன் வரிசை நோட்டுப் புத்தகமும் திரும்பியது. மேடையேறிக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஊக்கப்படுத்தியதாகிவிடும். மகோரி எழுந்து போய், பேசாமல் நானூறு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சொந்தக் காசு போடலாமே. விதிப் புத்தகம், பக்கம் பதினொன்று.

"ஐநூறு," என்றாள் சோளமாவு விற்கும் கெரூபோ. "பேசட்டும். வருஷம் பூரா என் தராசுகிட்ட மட்டும்தான் பேசறாரு."

சிரிப்பு. ஐநூறைத் தடுக்க ஆயிரம் வேண்டும். மகோரி பையைத் துழாவினார், நாற்பது ஷில்லிங்கும் ஒரு பேனாவும் இருந்தன. முன்னால் கமிட்டி மேசையில் உட்கார்ந்திருந்த மொங்கினா கணவரின் முகத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு முகத்தைப் பார்த்தே பைக்குள் இருப்பது தெரியும். இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து, மடித்த ஆயிரம் ஷில்லிங் நோட்டை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"பழுப்புக் கோட்டு பேச வேணாம்," என்றாள்.

அவள் செய்தது புருஷனைக் காப்பாற்ற. ஆனால் சந்தை அதை வேறு மாதிரி படித்தது. பெண்டாட்டியே ஆயிரம் கொடுத்து வாயை அடைக்கிறாள் என்றால், இந்த மனிதர் அப்படி என்ன சொல்லப்போகிறார்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எகெரோ சந்தையில் அன்றைக்குக் குறுகுறுத்த சத்தம் வெளியில் கேட்டது.

"திங்கக்கிழமை திடீர்ச் சோதனையா இருக்குமோ?" என்று உருளைக்கிழங்கு வியாபாரி ஒன்சோங்கோ பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான்.

"மைக்ல எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லிட்டா?"

ஒன்சோங்கோ எழுந்து ஓடினான். "ரெண்டாயிரம். பேசவே வேணாம். நல்ல மனுஷன், ஓய்வெடுக்கட்டும்."

"மூவாயிரம், பேசணும்," என்றான் ஒகெம்போ. அவனுக்குக் கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு ஒசோரோவுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. சர்க்கரைக் கடைக்காரர் மௌனத்துக்கு இரண்டாயிரம் சேர்த்தார். ஆணிக் கடைக்காரர் மௌனத்துக்கு. மீன்காரி மௌனத்துக்கு, அவள் கடன் சொல்லி. பெயரை ஒவ்வொன்றாக மைக்கில் ஏலக்காரன் அறிவிக்க, ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

"சர்க்கரைக் கடையுமா? அதான் போன வாரம் கிலோ அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துச்சு."

"மீன்காரியுமா? நான் அவளை அக்கான்னு கூப்பிட்டேனே."

மகோரி முப்பத்தொரு வருடமாகத் திருகாணியைக் கழற்றிப் பார்த்தும் பிடிபடாத தராசுகள் எல்லாம் தாமாகவே எழுந்து வந்து பெயர் கொடுத்துக்கொண்டிருந்தன. நுணல் கெட்டது வாயைத் திறந்து, இந்த மனிதர் கெட்டது வாயை மூடிக்கொண்டு. மௌனத்துக்கு விழுந்த காசு இருபத்தாறாயிரத்தைத் தொட்டது. கூரைத் தகடு அத்தனைக்கும் அது போதும். மொங்கினா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உதடு தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் பொசிபோரி எழுந்தாள்.

"யார் அந்த மனிதர்?"

"யாரும் இல்ல மேடம்," என்றான் ஒசோரோ. "ஒரு கோட்டு."

"ஒரு கோட்டு பேசாம இருக்கறதுக்கு இருபத்தாறாயிரமா?" அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து மகோரியின் எதிரில் நின்றாள். குரல் கடுமையாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஐயா, உங்க பேரு என்ன? என்ன வேலை பாக்கறீங்க? இவங்க எல்லாம் உங்களுக்கு எதுக்குக் காசு குடுக்கறாங்க?"

மகோரி வாயைத் திறந்தார். ஒசோரோ மைக்கிலேயே அலறினான்.

"அண்ணே, பேசிடாதீங்க. பேசினா எல்லாம் வாபஸ். மேடம், மன்னிக்கணும், அவரு பதில் சொல்ல முடியாது. அவரு வித்துப்போயிட்டாரு."

"அரசாங்க அதிகாரி கேக்கறேன். பதில் சொல்லலைன்னா அதையும் எழுதிக்கணும்."

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? பதில் சொன்னால் கூரை போய்விடும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும், பதினான்கு மாதமும் போய்விடும். மகோரி மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கூரையும் அவளுக்கு வேண்டும், அவரும் அவளுக்கு வேண்டும், பாவம் எதைக் காட்டுவாள்?

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், "சும்மா உக்காந்திருந்தே இவ்வளவு சம்பாதிச்சுட்டாரே."

அந்தச் சொல்தான் மகோரிக்கு உறைத்தது. சம்பாதித்துவிட்டார். அவர் எழுந்தார். கோட்டின் காலரை மடித்துவிட்டார்.

"என் பேரு மகோரி. எடையளவு ஆய்வாளர். மேடம், போன வருஷக் கடிதத்துல இருக்கறது என் பேருதான்."

"ஐயோ," என்றான் ஒசோரோ மைக்கில், தன்னை அறியாமல்.

"கூரையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. சொல்லக் கூடாது. காசைப் பத்தி மட்டும் சொல்றேன்." அவர் தட்டைக் கை காட்டினார். "தராசு பாக்கறவன் காசு வாங்கிட்டு வாயை மூடிட்டு இருந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கு. அந்தக் காசு என் பைக்குப் போனாலும் அதே பேருதான், பிரசவ அறைக்குப் போனாலும் அதே பேருதான். முப்பத்தோரு வருஷம் அந்தப் பேரு எடுக்காம இருந்துட்டேன். அதனால என் மௌனத்துக்குக் காசு போட்டவங்க எல்லாரும் வந்து எடுத்துக்குங்க. எடுத்தாலும் எடுக்காட்டாலும் திங்கக்கிழமை எல்லாக் கடைக்கும் வருவேன். வரப்போறதா திட்டம் இல்ல. இப்பத்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒசோரோ பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்தான். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினான். "ஒன்சோங்கோ. வந்து ரெண்டாயிரம் வாங்கிக்க." ஒன்சோங்கோ வானத்தைப் பார்த்தான், மழை வருமா என்று ஆராய்கிறவன் போல. "சர்க்கரைக் கடை." சர்க்கரைக் கடைக்காரர் குனிந்து செருப்பு வாரைக் கட்டினார், அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், நான்தான் வாயை அடைக்கக் காசு கொடுத்தவன் என்று கை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

"யாரும் வரலைன்னா இந்தக் காசு இங்க இருக்க முடியாது," என்றாள் பொசிபோரி. "நான் எடுத்துட்டுப் போய் அரசாங்கக் கஜானாவுல கட்ட வேண்டியிருக்கும்."

அப்போது கமிட்டி மேசையிலிருந்து மொங்கினா எழுந்தாள். பட்டியலில் மௌனத்துக்கு முதல் காசு அவளுடையதுதான். தட்டுக்கு எதிரில் வந்து நின்று, கை நீட்டித் தன் ஆயிரத்தை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுத் தராசும் கோணலா மொங்கினா?" என்று ஒகெம்போ கத்தினான். சிரித்தார்கள்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "இது என் புருஷன் வாய்க்குக் குடுத்த காசு. அவரு பேசிட்டாரு, அதனால திரும்ப எடுத்துக்கிட்டேன். எல்லாரும் பாத்துக்குங்க. இப்ப இது என் காசு." நோட்டை மறுபடி தட்டில் வைத்தாள். "இது கூரைக்கு. எனக்கு ஒரு பிள்ளை ரோட்டோரத்துல பிறந்துச்சு. இன்னொருத்திக்கு அப்படிப் பிறக்க வேணாம். யாரு வாயும் இதுல இல்ல."

பிறகு மீன்காரி எழுந்தாள். அவள் போட்டது கடன் ஆகையால் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சட்டைக்குள்ளிருந்து உண்மையான நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். "கூரைக்கு," என்றாள். "என் தராசு மேல எனக்கே சந்தேகம். திங்கக்கிழமை பாத்துச் சொல்லுங்க."

அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எடுத்தார்கள், கூரைக்கு என்றார்கள், வைத்தார்கள். எல்லோரும் இல்லை. ஆணிக் கடைக்காரரும் வேறு மூன்று பேரும் மொத்தம் ஆறாயிரத்து ஐநூறை எடுத்தார்கள், வைக்கவில்லை, நேராக வெளியே போய்விட்டார்கள். நான் கதை சொல்கிறேன் என்பதற்காக எல்லோரையும் நல்லவர்களாக்க முடியாது. ஒகெம்போ தன் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. "நான் பேச்சுக்குக் குடுத்தேன், பேச்சு வந்துடுச்சு, வியாபாரம் சுத்தம்," என்றான்.

பொசிபோரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போகும்போது மகோரியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நான் எழுதறதுதான் என் வேலை. முடிவு மேல இருக்கறவங்க கையில. எதுக்கும் தயாரா இருங்க."

இரவு மகோரி சாப்பிடவில்லை. கீரையைத் தட்டில் தள்ளித் தள்ளிவிட்டு, கடைசியில் கேட்டார், "அந்த ஆயிரம் எதுக்கு முடிஞ்சு வெச்சிருந்த?"

"போன வருஷம் கடிதம் வந்த அன்னைக்கு முடிஞ்சது. உங்க வேலை போனா முதல் மாச உப்புக்கும் எண்ணெய்க்கும்."

"இப்பப் போனா?"

"உப்பில்லாம சாப்பிடுவோம்," என்றாள் மொங்கினா. "சாப்பிடுங்க முதல்ல, ஆறுது."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மகோரி அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் வரிசை நின்றது. சாக்கில் சுற்றிய தராசுகளோடு பதினேழு வியாபாரிகள், அவர் கடைக்கு வருவதற்கு முன்னால் தாங்களே வந்துவிட்டவர்கள். மேசையில் சுத்தியலைத் தவிர ஒரு காகிதம்கூட இல்லாமல் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பதினேழில் பத்தைப் பூட்டினார். அதில் ஒன்று ஒகெம்போவுடையது, கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவு. ஒகெம்போ வெறும் சாக்கை மடித்துக்கொண்டு போனான்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. பொசிபோரி.

"ஐயா, மேல ரெண்டு மணி நேரம் விசாரிச்சாங்க. நீங்க நன்கொடை திரட்டினீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ஊக்கப்படுத்தினீங்களான்னு கேட்டாங்க. நீங்க வாயைத் திறந்ததுல அந்தக் கூட்டத்துக்கு ஆறாயிரத்து ஐநூறு நஷ்டம்னு கணக்கைக் காட்டினேன். புத்தகத்தை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினாங்க. அரசு ஊழியர் தர்ம காரியத்துக்கு நஷ்டம் உண்டாக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. ஃபைலை மூடிட்டாங்க."

மகோரி சாயங்காலம் வீட்டுக்குப் போய் மொங்கினாவிடம் அப்படியே சொன்னார். அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆறாயிரத்து ஐநூறுன்னா எட்டுத் தகடு," என்றாள். "பதினாலு மாசம் சம்பளம் வரும்ல. எடுங்க."